மறுக்கப்பட்டவர்களையும் எண்ணுங்கள்: நுரையீரல் மாற்றுத் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், தேர்வுக் குழுவில் அமர்ந்து முடிவெடுக்கும் மற்ற அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களைப் போன்ற ஒரு குழு என் தம்பிக்கு எழுதிய கடிதம் இப்போது என் எதிரில் இருக்கிறது. மொத்தம் ஒன்பது வரி. தொடக்கத்தில் முகமனும் முடிவில் வாழ்த்தும் போக, செய்தி என்று பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம்தான். சளிப் பரிசோதனையில் பர்க்ஹோல்டேரியா செபேசியா தொகுதியைச் சேர்ந்த பாக்டீரியா தென்பட்டதால், மையத்தின் நடைமுறைப்படி அவனை நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு ஏற்க இயலாது. அவனுக்கு அப்போது வயது 24. கடிதம் வந்த ஏழாம் மாதம் அவன் இறந்துபோனான்.

அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. கடிதத்தை எழுதியவர்களைக் கொடியவர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதே கடிதம், ஏறத்தாழ அதே சொற்களில், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குடும்பங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தம்பியின் நோய் எதையெல்லாம் படிக்கச் சொன்னதோ அதையெல்லாம் இருபது ஆண்டுகளாகப் படித்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆனால் கடைசி வரை வாசியுங்கள்.

என் தம்பிக்கு இருந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் பழுதான பிரதி ஒன்று எங்கள் தந்தையிடம் இருந்தது, ஒன்று தாயிடம் இருந்தது. இருவருக்கும் அது தெரியாது. இரண்டு பிரதியும் பழுதாக வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது அவனுக்கு வாய்த்தது, எனக்கு வாய்க்கவில்லை. செல்களின் சுவரில் உப்பும் நீரும் கடக்கும் வழி அடைபடுவதால் நுரையீரலில் சளி பசைபோல் இறுகிவிடுகிறது. இறுகிய சளியில் பாக்டீரியா குடியேறுகிறது. காலையிலும் மாலையிலும் அவன் முதுகிலும் மார்பிலும் தட்டிச் சளியை இளக்குவது என் வேலை. என் பன்னிரண்டாம் வயதில் அதைக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். தட்டையாக வைத்தால் வலிக்கும். அந்தச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று அவன்தான் சொல்லுவான். "அக்கா, இன்னும் கொஞ்சம் கீழே" என்பான்.

சிறு வயதில் அவன் சளியில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருந்தது. பதின்ம வயதில் சூடோமோனாஸ் எருஜினோசா வந்தது. சூடோமோனாஸ் தன்னைச் சுற்றி வழவழப்பான ஓர் உயிர்ப்படலத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மருந்து அதன் உள்ளே இறங்குவது கடினம். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூச்சுவழி உள்ளிழுத்தான். கோலிஸ்டின் எடுத்தான். இரண்டிரண்டு வாரம் மருத்துவமனையில் படுத்து நரம்புவழி ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அவனைக் காப்பாற்றிய மருந்தே, அடுத்த முறைக்கான வலுத்த கிருமியைப் பொறுக்கி எடுத்தும் வைத்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மருந்து கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் பள்ளியையே முடித்திருக்க மாட்டான். மருந்து எதிர்ப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்கும் கவனமற்றவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அவன் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் தேவைப்பட்டதுதான்.

பதினேழாம் வயதில் செபேசியா வந்தது.

அதன் கதையை நான் பலமுறை தேடித்தேடிப் படித்திருக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவர நோய்களை ஆராய்ந்த வால்டர் பர்க்ஹோல்டர், வெங்காயத்தை அழுகவைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி 1950இல் எழுதினார். செபேசியா என்ற பெயரே லத்தீன் மொழியில் வெங்காயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மண்ணிலும் நீரிலும் செடிகளின் வேர்களைச் சுற்றியும் வாழ்கிற உயிர். உடல்நலம் உள்ளவர்களை அது பொதுவாக அண்டுவதில்லை. பென்சிலினையே உணவாக்கிக்கொண்டு வளரக்கூடிய வகை ஒன்று அதில் உண்டு என்று 1979இல் காட்டினார்கள். கோலிஸ்டினும், டோப்ராமைசின் சேர்ந்த ஜென்டாமைசின் வகை மருந்துகளும் பிறவியிலிருந்தே அதைத் தொடுவதில்லை. ஆய்வகத்தில் இதைத் தனியே பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் வளர்ப்புத் தட்டில் பாலிமிக்சின் (கோலிஸ்டின் இந்த வகைதான்), ஜென்டாமைசின், வான்கோமைசின் மூன்றையும் கலந்து வைப்பார்கள். மற்றவை மடியும், செபேசியா மட்டும் முளைத்து வரும். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மருந்தாக நாங்கள் நம்பியிருந்ததை, இந்தக் கிருமியை வளர்க்கிற தட்டில் களையெடுக்க வைத்திருக்கிறார்கள்.

1984இல் கனடாவின் டொரோண்டோவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சில நோயாளிகள் காய்ச்சலும் இரத்தத்தில் நச்சுமாகச் சில வாரங்களில் சரிந்துபோவதை அது விவரித்தது. இன்றும் அதைச் செபேசியா நோய்க்கூட்டம் (சிண்ட்ரோம்) என்றே சொல்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது பரவும் என்பது 1990களின் தொடக்கத்தில் உறுதியானது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கும் டொரோண்டோவுக்கும் பொதுவான ஒரே வகை, கடல் கடந்து இரு நகர நோயாளிகளிடமும் இருந்தது. அதன்பின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளுக்காக நடந்துவந்த கோடை முகாம்கள் நின்றன. ஒரே நோய் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதி வந்தது. செபேசியா உள்ளவர் மற்றவர்களோடு ஒரே நாளில் மருத்துவமனைக்கே வரக்கூடாது. என் தம்பி தன் நோய் உள்ள வேறொருவரோடு ஒரே அறையில் அமர்ந்து பேசியதே இல்லை. அந்த விதி சரியானது, அதனால் பல உயிர்கள் பிழைத்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் வரும்போது அந்த வயதில் ஒருவன் எவ்வளவு காலம் தனித்து இருந்திருக்கிறான் என்பதை அதை எழுதுகிறவர் ஒருகணம் நினைக்க வேண்டும். ஏற்கெனவே எல்லா வாசல்களிலும் வெளியே நின்றவன் அவன்.

உங்கள் அச்சத்தையும் நான் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் ஒற்றை நுரையீரலை மாற்ற முடியாது. மிஞ்சிய பழைய நுரையீரல் புதியதைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டையும் மாற்றுகிறார்கள். புதிய நுரையீரலின் செல்களில் கொடையாளரின் மரபணு இருப்பதால் அங்கே அந்த நோய் திரும்ப வருவதில்லை. ஆனால் மூக்கின் பக்கக் குழிகளும் மூச்சுக்குழாயின் மேற்பகுதியும் பழையவை. அங்கே ஒளிந்திருக்கும் கிருமி கீழே இறங்கும். அறுவையின்போதே பழைய நுரையீரலிலிருந்து சீழ் மார்புக் கூட்டில் சிந்தலாம். அதே வேளையில், உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற மருந்துகளால் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி வைக்கிறீர்கள். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது போன்ற வேலை. கிருமியைக் கொல்லக்கூடிய மருந்துகளில் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். வலையின் ஒரு முடிச்சை இழுத்தால் இன்னொன்று இறுகுகிறது.

இந்த அச்சத்துக்குச் சான்றும் இருக்கிறது. டொரோண்டோவும் அமெரிக்காவின் வட கரோலினாவும் 2001இல் வெளியிட்ட அனுபவங்களைப் படித்தேன். செபேசியா தொகுதியில் சீனோசெபேசியா என்று இன்று அழைக்கப்படும் இனம் உள்ளவர்கள்தான் அறுவைக்குப் பின் முதல் ஆண்டிலேயே அதிகம் இறந்தார்கள். கொடையாக வரும் நுரையீரல்கள் மிகக் குறைவு. ஒன்றை என் தம்பிக்குக் கொடுத்து அவன் மூன்று மாதத்தில் இறந்திருந்தால், அதே நுரையீரலால் பத்தாண்டு வாழ்ந்திருக்கக்கூடிய இன்னொருவர் காத்திருந்தே இறந்திருப்பார். அவருக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள். இதை நான் அறிவேன். "எல்லோருக்கும் மாற்றுங்கள்" என்று கேட்க நான் வரவில்லை.

நான் கேட்பது வேறு. கிருமியின் பெயரை மட்டும் பார்த்துக் கோப்பை மூடாதீர்கள். மூடினால், மூடியதற்குப் பின் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள்.

கடிதத்தில் இருந்தது "செபேசியா தொகுதி" என்ற சொல். அது ஓர் உயிரின் பெயர் இல்லை. ஒன்றையொன்று ஒத்த இருபதுக்கும் மேற்பட்ட இனங்களின் குடும்பப் பெயர். 1997இல் அவற்றைப் பிரித்தறியத் தொடங்கினார்கள். 2008இல் அமெரிக்க நோயாளிகளை இன வாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வில், மல்டிவோரன்ஸ் என்ற இனம் உள்ளவர்கள் அறுவைக்குப் பின் மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள். சீனோசெபேசியாவும், தொகுதிக்கு வெளியே நிற்கும் கிளாடியோலி என்ற உறவுக்கார இனமும்தான் இழப்பைக் கூட்டின. ஆகவே தொகுதியின் பெயர் மட்டும் தெரிந்த நிலையில் எந்த முடிவும் எடுக்க முடியாது. சாதாரண ஆய்வகத் தானியங்கிக் கருவிகள் இந்த இனங்களைக் குழப்பிக்கொள்வது எல்லோரும் அறிந்தது. மரபணு வரிசையைப் பார்த்து உறுதிசெய்யும் சிறப்பு ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும்.

என் தம்பியின் மாதிரியும் அனுப்பப்பட்டது. ஆனால் உங்களைப் போன்ற அந்தக் குழு மறுப்புக் கடிதத்தை எழுதிய நாளில் அந்த முடிவு வந்திருக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தது. சீனோசெபேசியாதான்.

எங்கள் உறவினர் சிலர், "அப்படியென்றால் அவர்கள் முடிவு சரிதானே, பிறகு என்ன வருத்தம்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே வலித்தது. அவர்கள் எடுத்த முடிவு பின்னால் வந்த ஒரு தாளோடு தற்செயலாகப் பொருந்தியது. எடுத்தபோது அவர்களுக்கு அது தெரியாது. அவனிடம் இருந்தது மல்டிவோரன்ஸாக இருந்திருந்தாலும் இதே ஒன்பது வரிதான் வந்திருக்கும். வேறு யாருக்கோ அப்படித்தான் வந்திருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத எண்ணம்.

சூடோமோனாஸின் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பரிசோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் உள்ளவர்களை ஒருகாலத்தில் பல மையங்கள் திருப்பி அனுப்பின. துணிந்து ஏற்ற மையங்கள் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. அந்த நோயாளிகள் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். 2007இல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி உள்ளவர்களைவிடச் சற்றுக் குறைவாக வாழ்ந்தாலும், அமெரிக்கா முழுவதற்குமான சராசரிக்கு அவர்கள் சளைக்கவில்லை. இன்று அந்த ஒரு காரணத்துக்காகப் பொதுவாக யாரையும் மறுப்பதில்லை. தட்டில் "எதிர்ப்பு" என்று எழுதப்பட்ட மருந்து நோயாளியின் உடலில் வேலை செய்திருக்கிறது. "கட்டுப்படும்" என்று எழுதப்பட்டது கைவிட்டிருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் ஆய்வகத் தாளுக்கும் படுக்கையில் இருக்கும் உடலுக்கும் இடையே தொலைவு அதிகம் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாராவது துணிந்து செய்து, செய்ததை எண்ணி வைத்ததால்தான் அது தெரியவந்தது. மறுத்த கையோடு எல்லோரும் நின்றிருந்தால் சூடோமோனாஸும் இன்றுவரை பூட்டிய கதவாகவே இருந்திருக்கும்.

மையங்கள் அஞ்சி மறுக்கும் கிருமிகளில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் இன்னொன்று. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு, அதைவிடப் பிடிவாதமானது. அசித்ரோமைசின் வகை மருந்து அருகில் வந்த பிறகே எதிர்ப்பை விழித்தெழச் செய்யும் ஒரு மரபணு அதன் பல வகைகளில் உண்டு. அதனால் முதல் நாள் சோதனையில் கட்டுப்படுவதுபோல் தெரிந்து இரண்டாம் வாரம் ஏமாற்றும். அறுவைக்குப் பின் தையல் போட்ட காயத்திலும் மார்பிலும் வெடித்துக் கிளம்பும். இதைக் கண்டு நீங்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனாலும் டென்மார்க், சுவீடன், வட கரோலினா மையங்கள் சில நோயாளிகளை ஏற்று, நீண்ட மருத்துவத்துக்குப் பின் அவர்களை வாழவைத்திருக்கின்றன.

2019இல் வெளியான ஒரு செய்தியை எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் படித்தோம். லண்டனில் இரு நுரையீரலும் மாற்றப்பட்ட 15 வயதுச் சிறுமிக்கு அப்செஸஸ் உடல் முழுக்கப் பரவியிருந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல், பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களைப் பல்லாண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பிலிருந்து மூன்றைத் தேர்ந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுக்கப்பட்டது. மற்ற இரண்டையும் கிருமியைக் கொல்லும்படி ஆய்வகத்தில் திருத்தினார்கள். அந்தச் சிறுமியின் புண்கள் ஆறத் தொடங்கின, கல்லீரல் தேறியது. முற்றிலும் குணமானாள் என்று யாரும் சொல்லவில்லை. 2022இல் இன்னொரு செய்தி வந்தது. அப்செஸஸ் இருந்த ஓர் இளைஞருக்கு முதலில் ஃபேஜ் கொடுத்துக் கிருமியை அடக்கி, அதன்பின் நுரையீரலை மாற்றினார்கள். கிருமி இருந்ததாலேயே தகுதி இல்லை என்ற இடத்திலிருந்து ஒருவர் நகர்ந்துபோய் அறுவை மேசையை அடைந்தார்.

என் தம்பி இரண்டாவது செய்தியைப் படிக்கவில்லை. முதல் செய்தியைப் படித்துவிட்டு, "வெங்காயத்தில் பிடித்ததற்குக் கத்தரிக்காயில் மருந்து இருக்கும் போலிருக்கிறது, அக்கா" என்றான். அவனிடம் இருந்தது வேறு கிருமி, அந்த ஃபேஜ் அதைத் தொடாது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அன்று அவன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

உங்கள் விதிகளும் மாறிவிட்டன. இதய, நுரையீரல் மாற்றுக்கான பன்னாட்டுச் சங்கம் 2021இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையில் சீனோசெபேசியா, கிளாடியோலி, அப்செஸஸ் மூன்றும் "அறவே கூடாதவை" என்ற பட்டியலில் இல்லை. மிகக் கூடுதல் ஆபத்து என்ற பிரிவில் இருக்கின்றன. அவற்றில் தனி அனுபவம் உள்ள மையங்கள் ஏற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை 2019இலேயே சொன்னது: ஒருவரைத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டுமுன் குறைந்தது இரண்டு மாற்று மையங்களைக் கேளுங்கள். எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது நோயாளியின் வீடுவரை வந்து சேர்வதில்லை. எங்களுக்கு வந்த ஒன்பது வரியில் "வேறு மையம்" என்ற சொல்லே இல்லை. அனுபவம் உள்ள இடம் எது, யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தாள்களை அனுப்ப வேண்டும் என்பதை நாங்களே இரவெல்லாம் தேடிக் கண்டுபிடித்தோம். தொலைவிலுள்ள ஒரு மையம் அவனைப் பார்க்க ஒப்புக்கொண்டது. நாள் குறிப்பதற்குள் அவன் பயணம் செய்யும் நிலையைக் கடந்துவிட்டான்.

இன்னும் பின்னால் போனால் இன்னொரு மறுப்பு இருக்கிறது. அது கடிதமாகக்கூட வரவில்லை. முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு எதிர்பார்க்கும் அளவில் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, நோய் முற்றும் அறிகுறிகளும் சேர்ந்தால் மாற்று மையத்துக்கு அனுப்ப வேண்டும். 30க்குக் கீழே என்றால் வேறு அறிகுறியே தேவையில்லை. 50க்குக் கீழே வந்ததுமே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறது அதே 2019 பரிந்துரை. என் தம்பிக்கு அது 38 ஆக இருந்தது, மறுப்புக்கு இரண்டு ஆண்டு முன்பு. அந்த ஆண்டு அவன் இருமுறை இரத்தம் இருமினான். அவனை வழக்கமாகப் பார்த்த மருத்துவர், "செபேசியா இருக்கிறது, எந்த மையமும் ஏற்காது, வீணாக அலைய வேண்டாம்" என்றார். அன்பான மனிதர், எங்களைக் காக்க நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் பெயரால் வேறொருவர் இரண்டு ஆண்டு முன்பே மறுத்துவிட்டார். அவன் உங்களிடம் வந்தபோது 24 சதவீதம். உங்கள் குழுக்களின் மறுப்பு இப்படி உங்களுக்குத் தெரியாமலே வெகுதொலைவு வரை போய் வேலை செய்கிறது.

இதனால்தான் எண்ணுங்கள் என்கிறேன். சில நாடுகளில் ஒவ்வொரு மாற்று மையத்திலும் அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருக்கிறார்கள் என்று வெளிப்படையாக அச்சிடுகிறார்கள். நல்ல வழக்கம், அதை யாரும் கைவிடக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் வருபவர்கள் அறுவை மேசையை அடைந்தவர்கள் மட்டும். ஆபத்து மிகுந்த ஒருவரை ஏற்று இழந்தால் மையத்தின் எண் சரிகிறது. அவரை மறுத்து அவர் வீட்டில் இறந்தால் எந்த எண்ணும் அசைவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் இறந்தவர்களுக்காவது ஒரு பத்தி இருக்கிறது. பட்டியலிலேயே ஏறாதவர்களுக்கு எதுவும் இல்லை. என் தம்பி எந்த மாற்று மையத்தின் எந்த எண்ணிலும் இல்லை.

மறுக்கப்பட்டவர் எத்தனை பேர், எந்தக் கிருமிக்காக, எந்த நிலையில் வந்தார்கள், இனம் உறுதிசெய்யப்பட்டதா, வேறு மையத்துக்கு அனுப்பப்பட்டார்களா, எத்தனை மாதம் வாழ்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு குழுவும் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சீனோசெபேசியாவோடு அறுவை செய்துகொண்டவரின் வாழ்நாளை இப்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள்? செபேசியா இல்லாமல் அறுவை செய்துகொண்டவரோடு. ஆனால் என் தம்பிக்கு முன் அந்த இரண்டு வழிகளும் இருக்கவில்லை. அவனுக்கு இருந்த வழிகள், செபேசியாவோடு அறுவை அல்லது செபேசியாவோடு அறுவையில்லாமல் இருப்பது. அந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய பாதிக் கணக்கு யாரிடமும் முழுமையாக இல்லை. ஒருவேளை அந்தக் கணக்கு உங்கள் மறுப்பே சரி என்று காட்டலாம். காட்டினால் நான் ஏற்றுக்கொள்வேன். அதன்பின் வரும் குடும்பங்களுக்கு ஒன்பது வரிக்குப் பதிலாக ஒரு விடையாவது கிடைக்கும்.

காலம் தாழ்த்த முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த புதிய மாத்திரை வந்தபின், அது கிடைக்கும் நாடுகளில் நுரையீரல் மாற்று தேவைப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மகிழ்ச்சிதான், நான் அழுதேன் அந்தச் செய்திக்கு. ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, மரபணுப் பிழையின் வகை காரணமாக, அது பலன் தருவதில்லை. பல நாடுகளில் அது வாங்க முடியாத விலையில் இருக்கிறது, சில இடங்களில் கிடைப்பதே இல்லை. மாத்திரை வருமுன்பே நுரையீரல் சிதைந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே இனி உங்கள் வாசலுக்கு வரப்போகிறவர்களிடம் பல்லாண்டு மருந்துகளைக் கடந்துவந்த கடினமான கிருமிகள்தான் அதிகம் இருக்கும். எண்ணிக்கை குறைந்துவிட்டதால் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பாக்டீரியாக்களை 2017இலும் 2024இலும் பட்டியலிட்டது. சூடோமோனாஸ் அதில் இருக்கிறது. செபேசியா தொகுதியும் அப்செஸஸும் இல்லை. இந்த நோயாளிகளுக்காகப் பேச அதிகம் பேர் இல்லை. பேசினால் கேட்கப்படும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

சிறிதாகத் தோன்றும் ஒன்றையும் கேட்கிறேன். மறுப்பை நேரில் சொல்லுங்கள். வழியில்லை என்றால் தொலைபேசியிலாவது, அவரை நேரில் பரிசோதித்த ஒருவர் சொல்லட்டும். காரணத்தைச் சொல்லுங்கள், என்ன மாறினால் மீண்டும் வரலாம் என்று சொல்லுங்கள், எதுவும் மாறாது என்றால் அதையும் சொல்லுங்கள். மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருத்துவத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள். என் தம்பி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று கேட்டது இதுதான்: "இதைப் படித்துவிட்டு நான் இனி யாரிடம் போக வேண்டும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கடிதத்திலும் இல்லை.

கடைசியாக ஒரு செய்தி. அவன் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, தன் சளியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டான். கை நடுங்கியதால் கையெழுத்து கோடாகத்தான் விழுந்தது. சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். அந்தக் கிருமி இப்போது ஓர் ஆய்வகத்தில், மைனஸ் 80 டிகிரியில், ஒரு சிறு குப்பியில் இருக்கிறது. உருக்கி வளர்த்தால் மறுநாள் தட்டில் முளைக்கும். இனத்தை அறியும் சோதனையைச் சரிபார்க்கவோ, ஒரு புதிய மருந்தைச் சோதிக்கவோ, அதைத் தாக்கும் ஃபேஜைத் தேடவோ உங்களில் யாருக்காவது அது பயன்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பியின் எண் படிவத்தில் இருக்கிறது. படிவத்தின் ஒரு பிரதியை இந்த மடலோடு ஒவ்வொரு குழுவுக்கும் தனியே அனுப்பியிருக்கிறேன். என்னிடம் யாரும் மீண்டும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அவனே கொடுத்துவிட்டான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா